‘கம்பைல் பண்ணினா போதும்ணா’ என்று சொன்ன வாய்

பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு, 2025 ஜூன் மாதம் நான் ஒரு வார்த்தை விட்டேன். “கம்பைல் பண்ணினா போதும்ணா, ஒரு வாரத்துல குடுத்துடறேன்.” கம்பைல் என்றால், எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய பைனரிக் கோப்பாக மாற்றுவது. அந்த ஒரு வாரம் பதினோரு வாரமாக இழுத்தது. நடுவில் இரண்டு முறை அந்த அண்ணனின் போன் வந்தபோது எடுக்காமல் மொபைலைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கடன்காரனுக்கு ஒளிவதைப் போல ஒரு ப்ளகினுக்காக (இன்னொரு நிரலுக்குள் ஏறி ஓடும் குட்டி நிரல்) ஒளிவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. எனக்கு முன்னால், ஒலி ப்ளகினைச் சின்னக் கணினி போர்டுகளுக்குக் கட்டித் தரும் இந்தக் குழியில் விழுந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நான் தேடியபோது தமிழில் ஒருவரும் கிடைக்கவில்லை.

பகலில் நான் கணக்கு வழக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒலி நிரல் ராத்திரி வேலை. அக்கா பாட்டு சாதகம் பண்ணுவதற்காக லேப்டாப்பில் ஒரு தம்புரா ப்ளகின் எழுதினேன். கட்டையை மாற்ற ஒரு குமிழ், பஞ்சமமா மத்திமமா என்று மாற்ற ஒரு பொத்தான், ஜீவாவின் (தம்புராத் தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) ரீங்காரத்தைக் கூட்டிக் குறைக்க இன்னொரு குமிழ், அவ்வளவுதான். நம்ம அண்ணன் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி போர்டை ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் வைத்து, சுருதிப் பெட்டியாகப் பாட்டு டீச்சர்களுக்கு விற்கிறவர். மின்னணுச் சுருதிப் பெட்டி இந்த ஊருக்குப் புதுசு இல்லை, ரேடல் பெட்டியே பெங்களூர்ச் சரக்குதான். அக்கா பாடும்போது என் தம்புராவைக் கேட்டுவிட்டு, “தம்பி, இத நம்ம பெட்டில போட்டுத் தர முடியுமா? பன்னெண்டு பெட்டி, பெட்டிக்கு ரெண்டாயிரம்” என்றார். நவராத்திரிக்கு முன்னால் வேண்டும். 24,000 ரூபாய்! ஏற்கெனவே ஓடுகிற நிரலுக்கு!

அன்றைக்கு நான் கேட்காமல் விட்டவை மூன்று: எந்த போர்டு, அதில் எந்த இயங்குதளம், அது 32 பிட்டா 64 பிட்டா. ‘எல்லாம் ஆர்ம்தானே’ என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். (ஆர்ம் என்பது இந்த போர்டுகளின் சிப் வகை, என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல்.) டீ குடிக்கும் நேரத்தில் கேட்டிருக்கலாம்.

வீட்டில் என்னிடம் இருந்தது ராஸ்பெர்ரி பை 5. அதிலேயே கம்பைல் செய்தேன், வேகமாக ஓடட்டும் என்று ‘எம்சிபியு=நேட்டிவ்’ என்ற கொடியையும் (கம்பைலருக்குக் கொடுக்கும் குறிப்பு) போட்டு. ப்ளகின் லினக்ஸில் புழங்கும் எல்வி2 என்ற வடிவம், திரையில்லாத பெட்டிக்கு அது தோது. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் அண்ணனுடைய முதல் ஐந்து பெட்டிகளில் போட்டேன். தம்புரா பாடியது. அண்ணன் முகம் மலர்ந்து, கட்டைக் குமிழைத் திருப்பினார். சட்டென்று மௌனம். மறுபடி ஓட்டினோம், பாடியது. குமிழைத் தொட்டார், செத்தது. பதிவில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று ஒரே ஒரு வரி. ஒலிப்பதும் குமிழைப் படிப்பதும் தனித்தனித் த்ரெட் (ஒரே சமயத்தில் ஓடும் இழை) என்பதால் இரண்டுக்கும் இடையில் ஒரு அடாமிக் எண்ணி, அதாவது இருவர் ஒரே சமயத்தில் தொட்டாலும் குழம்பாத எண்ணி, வைத்திருந்தேன். பிழை தேடும் கருவியான டீபக்கரில் பார்த்தால் சரியாக அந்தக் கூட்டலில் நிற்கிறது. பை 5-இல் இருப்பது கோர்டெக்ஸ்-ஏ76 என்ற ஆர்ம் கோர். அடாமிக் கூட்டலை ஒரே கட்டளையில் முடிக்கும் வசதி அதற்கு உண்டு. அண்ணனின் பெட்டிகளில் இருந்ததோ பை 4, அதாவது கோர்டெக்ஸ்-ஏ72. அந்தக் கட்டளை அதற்குத் தெரியவே தெரியாது. ‘நேட்டிவ்’ என்றால் ‘இந்த இயந்திரத்துக்கு மட்டும்’ என்று அர்த்தம். நான் வேகம் என்று படித்துவிட்டேன். அடுத்தவர் கைக்குப் போகிற பைனரியில் அந்தக் கொடி இருக்கவே கூடாது. 64 பிட் பைகளுக்கு ‘ஆர்ம்வி8-ஏ’ என்ற அடிமட்டத்தை வைத்து, டியூனிங்கை மட்டும் ஏ72-க்குச் செய்தால் பை 3, 4, 5 மூன்றிலும் ஓடும். புது ஜிசிசி கம்பைலர், அடாமிக் விஷயத்தில் எந்தக் கட்டளையை எடுப்பது என்று ஓடும்போதே பார்த்துக்கொள்ளும் நிரலைத் தானே சேர்த்துவிடுகிறது. நான்தான் கொடியைப் போட்டு அதைக் கெடுத்திருக்கிறேன்.

ஐந்து பெட்டி தேறியது. அடுத்த நான்கும் பை 4 தான் என்றார் அண்ணன். இந்த முறை நிம்மதியாக, புத்திசாலித்தனமாக ஒரு நிறுவல் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டு போனேன். இயந்திரத்தின் வகையைச் சொல்லும் ‘யூநேம்’ கட்டளையிடம் கேட்டு, அது ‘ஏஆர்ச்64’ (64 பிட் ஆர்ம்) என்று சொன்னால் 64 பிட் பைனரியை வைக்கும். சொன்னது, வைத்தது, ப்ளகின் ஏறவில்லை. ‘தவறான எல்ஃப் வகுப்பு’, அதாவது 32-உம் 64-உம் பொருந்தவில்லை என்று புகார். ஒரு மணி நேரம் என் பைனரியையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு. 2023-இல் ராஸ்பெர்ரி பை 32 பிட் இயங்குதளத்துக்கு வந்த ஒரு அப்டேட், பை 4-இல் இயங்குதளத்தின் மையமான கெர்னலை மட்டும் 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது. கெர்னலுக்கு மேலே உள்ள நூலகங்கள், நிரல்கள் எல்லாம் பழைய 32 பிட்டே. யூநேம் கெர்னலைப் பற்றிச் சொல்லுகிறது, என் ப்ளகின் ஏற வேண்டியதோ 32 பிட் நிரலுக்குள். வாசலில் பலகை ஒன்று, உள்ளே குடித்தனம் வேறு. யூநேமை நம்பாதீர்கள். மென்பொருள் நிறுவும் கருவியான டிபிகேஜியிடம் ‘பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்’ என்று கேளுங்கள், ‘ஆர்ம்எச்எஃப்’ (32 பிட்) அல்லது ‘ஆர்ம்64’ (64 பிட்) என்று உள்ளதை உள்ளபடி சொல்லும். இல்லையென்றால் ஏற்கெனவே ஓடுகிற, ப்ளகினை ஏற்றிக்கொள்ளும் ஹோஸ்ட் நிரல்மீது ‘ஃபைல்’ கட்டளையை ஏவிப் பாருங்கள். ப்ளகின் எப்போதும் ஹோஸ்ட் எந்த ஜாதியோ அந்த ஜாதி.

சரி, 32 பிட்டுக்கும் ஒன்று செய்துவிடுவோம் என்று டெபியன் 12 (செல்லப் பெயர் புக்வார்ம்) என்ற லினக்ஸ் பதிப்பின் கன்டெய்னரில், அதாவது தனியாகப் பிரித்து வைத்த சூழலில், கம்பைல் செய்தேன். ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்றது பெட்டி. ஜிலிப்சி என்பது நிரல்கள் சாய்ந்து நிற்கும் அடிப்படை சி நூலகம். அண்ணனின் அந்த நான்கு பெட்டிகளும் 2021-இல் வந்த புல்ஸ்ஐ பதிப்பு, அதில் ஜிலிப்சி 2.31. நான் கட்டிய புக்வார்மில் 2.36. புது ஜிலிப்சியில் கட்டியது பழையதில் ஓடாது, பழையதில் கட்டியது புதியதில் ஓடும். சர்வர் நிரலில் தினமும் பார்க்கிற பாடம்தான், ஆனால் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு லினக்ஸ் என்பதே என் மண்டையில் ஏறவில்லை. வாடிக்கையாளர்களிடம் இருப்பதிலேயே பழைய பதிப்பு எதுவோ, அந்தக் கன்டெய்னருக்குள் உட்கார்ந்து கட்டுங்கள். சி++ நூலகத்தையும் ஸ்டாட்டிக்காக உள்ளேயே இணைத்துவிட்டால் இன்னொரு தலைவலி குறையும். கட்டி முடித்ததும் பைனரிக்குள் ஜிலிப்சியின் எந்தெந்தப் பதிப்பு எண்கள் இருக்கின்றன என்று ‘ஆப்ஜ்டம்ப்’பில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அரை நிமிஷ வேலை.

நான்கும் ஓடின. கடைசி மூன்று பெட்டியில் மறுபடி இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். இந்த முறை குமிழைத் தொடக்கூட விடவில்லை, ஏறியதுமே விழுந்தது. அண்ணன் மெதுவாகச் சொன்னார், “அது சின்ன போர்டு தம்பி. ஜீரோ.” பை ஜீரோ டபிள்யூ, ஆர்ம்வி6 காலத்துச் சிப். டெபியனும் ‘ஆர்ம்எச்எஃப்’ என்கிறது, ராஸ்பெர்ரி பை 32 பிட் இயங்குதளமும் ‘ஆர்ம்எச்எஃப்’ என்கிறது. ஆனால் டெபியனுக்கு அது ஆர்ம்வி7-இல் ஆரம்பம், ராஸ்பெர்ரிக்கு ஆர்ம்வி6-இல். டெபியன் கன்டெய்னருக்குள் ‘வி6’ என்று கொடி போட்டாலும், ஸ்டாட்டிக்காக இணையும் நூலகத் துண்டுகள் வி7 ஆகவே வந்து சேரும். ராஸ்பெர்ரியின் சொந்தக் கருவிகளை வைத்துத்தான் கட்ட வேண்டும். இரண்டு வாரம் முட்டி, கட்டியும் விட்டேன். பிறகு பார்த்தால் அந்த ஒற்றைக் கோரில் நாலு தந்தி ஒன்றாக ஒலிக்கும்போது சத்தம் விட்டு விட்டு வருகிறது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும். பை ஜீரோ 2 டபிள்யூ அதே அளவு, அதே பெட்டிக்குள் உட்காரும், நாலு கோர் கோர்டெக்ஸ்-ஏ53. மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மழையில் நனைந்துகொண்டே ஆறு கடை ஏறி இறங்கி மூன்று வாங்கினேன், 5,100 ரூபாய், என் கைக்காசு. ‘இந்த போர்டுக்குக் கிடையாது’ என்று முதல் நாளே சொல்ல வாய் வராததற்கு நான் கட்டிய அபராதம் அது.

கட்டும் வேலை எங்கே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் காசு ஓட்டையாகப் போனது. முதலில் லேப்டாப்பிலேயே கிராஸ் கம்பைல் (ஒரு சிப்பில் இருந்துகொண்டு வேறு சிப்புக்குக் கட்டுவது) செய்யப் பார்த்தேன். ப்ளகின் எழுத நான் பயன்படுத்துவது ஜூஸ் என்ற நிரல் நூலகம் (ஆமாம், பெயரே அதுதான்). எல்வி2 ப்ளகின் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள டர்டில் என்ற விவரக் கோப்புகள் வேண்டும். அவற்றை எழுத, ஜூஸ் கட்டி முடித்த ப்ளகினைக் கடைசியில் தானே ஒரு தடவை ஏற்றிப் பார்க்கும். ஆர்ம் ப்ளகினை இன்டெல் லேப்டாப்பில் எப்படி ஏற்றுவது? எல்லாம் முடிந்து கடைசிப் படியில் விழுந்தது. ஆர்ம் சிப்பைப் போல நடிக்கும் க்யூஎமு போட்டேன். வேலை நடந்தது, ஆனால் லேப்டாப்பில் நாலு நிமிஷத்தில் முடிகிறது அதில் ஐம்பது நிமிஷம். அப்புறம் கிளவுடில் ஒரு ஆர்ம் சர்வரை வாடகைக்கு எடுத்தேன். அது 32 பிட் நிரலை ஓட்டவே மறுத்தது. ஆர்ம் சர்வர் சிப்கள் சிலவற்றுக்கு 32 பிட் சுத்தமாகக் கிடையாது. 64 பிட்டுக்காவது ஆகட்டும் என்று வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை அதை அணைக்காமல் ஊருக்குப் போய்விட்டேன். ஞாபகம் வந்தபோது பில் 6,400 ரூபாய். கிட்ஹப்பில் பொதுவில் வைத்த நிரல்களுக்கு 2025 ஜனவரியிலிருந்தே ஆர்ம்64 லினக்ஸ் இயந்திரம் இலவசமாகக் கிடைக்கிறது என்று எனக்குத் தெரிந்தது ஆகஸ்டில். கடைசியில் 5,800 ரூபாய்க்கு ஒரு பை 4 வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தேன். அதில் 64 பிட் இயங்குதளம், அதற்குள் 32 பிட் புல்ஸ்ஐ கன்டெய்னர். இரண்டு கட்டலும் அங்கேயே, இருபத்தைந்து நிமிஷம். ஒன்று மட்டும் கவனம்: அந்த 32 பிட் கன்டெய்னருக்குள்ளும் யூநேம் ‘ஏஆர்ச்64’ என்றுதான் பொய் சொல்லும், கட்டும் வேலையை நடத்தும் சிமேக் அதை நம்பி ஏமாறும். கட்டளைக்கு முன்னால் ‘லினக்ஸ்32’ என்று சேர்த்தால் சரியாகிவிடும்.

இவ்வளவும் முடிந்து, ஒன்பது பெட்டி போய்ச் சேர்ந்து, நான் மூச்சு விட்ட மூன்றாம் நாள் மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு பாட்டு மாமி போன் செய்தார். “என்னப்பா, தம்புரா பேசறதே தவிர பாட மாட்டேங்கறதே. ஜீவா நூலை எங்கேயோ தப்பான இடத்துல வச்சிருக்கே.” மாமி, அது நிஜத் தம்புரா இல்லை, நூலே கிடையாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சனிக்கிழமை அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, மந்திரி ஸ்கொயரில் இறங்கிப் போனேன். மாமி தன் பழைய தம்புராவை மடியில் வைத்து அஞ்சரைக் கட்டைக்குக் கூட்டி, ஒரு தந்தியை மீட்டிவிட்டு என் பெட்டியைப் பக்கத்தில் வைத்தார். “இப்ப கேளு.” கேட்டேன். அவர் தம்புராவில் ரீங்காரம் பூ விரிகிற மாதிரி வந்து அடங்கியது. என் பெட்டியில் தேங்காய் நாரைத் தகரத்தில் தேய்த்த மாதிரி ஒரு கரகரப்பு, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. வீட்டில் சோதிக்கும்போது மானிட்டரின் ஓட்டை ஸ்பீக்கரில் கேட்டேன். தம்புரா என்றால் கொஞ்சம் இரையத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

லேப்டாப்பில் இந்தக் கரகரப்பு இல்லை. நிரல் ஒன்றே, கணக்கு ஒன்றே. நான்கு ராத்திரி தேடினேன். ஜீவாவின் அலை வடிவத்தை 8 பிட் எண்களாக ஒரு கோப்பில் வைத்து ப்ளகினுக்குள் பொதித்திருந்தேன், அதை ‘கேர்’ என்ற ஒரு பைட் வகையாகப் படித்து 128-ஆல் வகுத்தேன். சி மொழியில் வெறும் ‘கேர்’ மைனஸ் எண்களை ஏற்குமா ஏற்காதா என்பது அந்தந்தத் தளத்தின் இஷ்டம். இன்டெல் லினக்ஸில் ஏற்கும். ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. அலையின் கீழ்ப்பாதி முழுக்க மைனஸ் எண்கள், ஆர்மில் -1 என்பது 255 ஆகிவிட்டது. அலை கோட்டைக் கடந்து கீழே இறங்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் உச்சிக்குத் தாவியிருக்கிறது. கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. எங்கெல்லாம் ‘கேர்’ எண்ணாகப் பயன்பட்டதோ அங்கெல்லாம் ‘இன்ட்8’ என்று மாற்றினேன், மொத்தம் மூன்று வரி. எண்ணாக வேண்டுமென்றால் வெறும் ‘கேர்’ வேண்டாம். அப்புறம், லேப்டாப்பிலும் போர்டிலும் அதே ப்ளகினுக்கு அதே உள்ளீட்டைக் கொடுத்து, வருகிற ஒலியைக் கோப்பாக எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட நிசப்தம்தான் மிஞ்ச வேண்டும். இதை நான் முதல் வாரமே செய்திருந்தால் மாமியின் காது எனக்குத் தேவைப்பட்டிருக்காது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூல் தப்பான இடத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னபோது உள்ளூர எனக்குச் சிரிப்பு வந்தது. டீபக்கரைவிட அவர்தான் பிழைக்குப் பக்கத்தில் போயிருந்தார்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பெட்டிகளில் அவ்வப்போது சொடக்குச் சத்தம் என்று புகார் வந்தது. நிரலைத் தோண்டுவதற்கு முன் இந்த முறை பையின் ‘விசிஜென்கமாண்ட்’ கட்டளையில் த்ராட்டில் நிலையை (வேகம் குறைக்கப்படுகிறதா என்று) பார்த்தேன், மின்னழுத்தம் குறைகிறது என்று காட்டியது. யாரோ பழைய மொபைல் சார்ஜரைச் செருகியிருக்கிறார்கள். மின்னழுத்தம் குறைந்தால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடாப்டர் மாற்றியதும் போய்விட்டது.

இப்போது நான் அனுப்பும் விதம் இதுதான். ஆர்ம்64-க்கு ஒரு டார் கோப்பு, ஆர்ம்எச்எஃப் வி7-க்கு ஒன்று, இன்டெலுக்கு ஒன்று. கோப்பின் பெயரிலேயே கட்டமைப்பும் குறைந்தபட்ச ஜிலிப்சியும் இருக்கும். விஎஸ்டி3 என்ற இன்னொரு ப்ளகின் வடிவத்தில் ஒரே பொதிக்குள் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி அடைவு வைக்க இடமுண்டு, ஹோஸ்ட் தனக்கானதை எடுத்துக்கொள்ளும். எல்வி2-வில் அந்த வழக்கம் இல்லை, பொதிக்கு ஒரு பைனரி. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகத் திணிக்கும் ஆசையை விட்டுவிட்டேன். நிறுவல் ஸ்கிரிப்ட் எதையும் நகலெடுக்கும் முன் டிபிகேஜியையும் ஜிலிப்சியையும் கேட்கும், ஒத்துவராவிட்டால் ‘இந்தப் பெட்டிக்கு இது ஆகாது’ என்று தமிழிலேயே சொல்லி நின்றுவிடும். பிழை தேட உதவும் டீபக் குறியீடுகளைப் பைனரியிலிருந்து உரித்துத் தனியாகப் பத்திரப்படுத்துகிறேன். ஆரஞ்சு பை-இல் வருமா, ரிஸ்க்-ஃபைவ் போர்டில் வருமா என்று இருவர் கேட்டார்கள். “என் கையில் அந்த போர்டு இல்லை, அதனால் வராது” என்றேன். அப்படிச் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா!

கணக்கு இதுதான். பேசியது 24,000. பொறுமை இழந்து ஒரு டீச்சர் பெட்டியே வேண்டாம் என்றுவிட்டார், அதில் 2,000 போனது. பை 4-க்கு 5,800, கிளவுடுக்கு 6,400, மூன்று ஜீரோ 2-க்கு 5,100, மெமரி கார்டு அடாப்டர் வகையறா 3,200. மிச்சம் 1,500 ரூபாய். பதினோரு வாரத்து ராத்திரிகளுக்கு. அக்கா அதைக் கேட்டுவிட்டு, “டியூஷன் எடுத்திருக்கலாம்” என்றாள்.

பதினோராவது பெட்டியை நவராத்திரிக்கு நாலு நாள் முன்னால் கொடுத்தேன். மாமி வீட்டுக் கொலுவில் என் பெட்டி, இரண்டாவது படியில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில், மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்ததாக அண்ணன் போட்டோ அனுப்பினார். அக்டோபரில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவரே போன் செய்தார். ஒளியாமல் எடுத்தேன். “தம்பி, புதுசா டிரிக்ஸின்னு ஒரு இயங்குதளப் பதிப்பு வந்திருக்காமே. எல்லாப் பெட்டியையும் அதுக்கு மாத்திடட்டுமா?”

“அண்ணா, தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க. நான் ஒரு பெட்டியை எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“தெரியலண்ணா” என்றேன்.